யாருகிட்டப் புடிச்ச ஆடு?

அத்தியாயம் 14

பொட்டிப்புரத்திலிருந்து போடி வழியாகத் தேனிக்குப் போகும் காலை பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. ஆனாலும் ஒச்சாண்டிக்குப் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார்களே தவிர, அங்கே ஒருவரும் உட்கார மாட்டார்கள். இன்றைக்கு வழியில் ஏறிய ஒரு பெண், விஷயம் தெரியாமல் உட்காரப் போனாள். பின்னாலிருந்து யாரோ அவள் காதில் குசுகுசுத்தார்கள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றபடியே வந்தாள்.

ஒச்சாண்டி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தானே துவைத்து, தானே உதறிக் காயப்போட்ட வெள்ளைச் சட்டை. காலரில் சோப்புத் திட்டு அப்படியே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து கஸ்தூரியம்மாள் துவைத்த சட்டையையே போட்டுப் பழகியவருக்கு, எத்தனை தண்ணீரில் அலச வேண்டும் என்பது இந்த வயதில் தெரியவில்லை.

இந்த வாரம்தான் புதிதாக வந்து சேர்கிறவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒச்சாண்டி ஆட்டு வியாபாரி. ராஜபாண்டி என்பவரின் கொட்டத்தில் கட்டியிருந்த ஆறு வெள்ளாடுகள் ஒரு ராத்திரியில் காணாமல் போயின. இரண்டு நாள் கழித்துப் போலீஸ் தேடி வந்தபோது, அந்த ஆறும் ஒச்சாண்டியின் கொட்டத்தில் நின்று தழை தின்றுகொண்டிருந்தன. கேஸ் நடந்தது. கீழ்க்கோர்ட்டில் இரண்டு வருஷம் தண்டனை விழுந்தது. அப்பீல் போட்டு, தண்டனையை நிறுத்திவைத்து, ஜாமீனில் இருக்கிறார். அந்த அப்பீல்தான் இன்று தேனி கோர்ட்டில் விசாரணைக்கு வருகிறது. தோற்றால் ஜெயில்.

ஆடுகளை அவர் திருடவில்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரிடம் வாங்கினார் என்பதும் நமக்குத் தெரியும். சொந்த மருமகன் மதன்குமாரிடம்தான் வாங்கினார். விடியற்காலையில் தன் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, "வருசநாட்டுல ஒரு சேக்காளி அவசரத்துக்கு விக்கிறான் மாமா, நீங்களே எடுத்துக்கங்க" என்றான். மருமகன் பேச்சை எந்த மாமனார் சந்தேகப்படுவார்? போலீஸ் வாசலில் வந்து நின்றபோதுதான் ஒச்சாண்டிக்கு விளங்கியது. அப்போது மகள் மாரீஸ்வரி ஏழு மாசக் கர்ப்பிணி. மூடிய வாயை அவர் இன்றுவரை திறக்கவில்லை. பெண்டாட்டியிடம்கூட.

"யாருகிட்டப் புடிச்சீக, சொல்லுங்க" என்று கஸ்தூரியம்மாள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். "கட்டுனவகிட்டயே சொல்ல மாட்டேங்கிறீகன்னா, அப்ப நீங்கதான் திருடியிருக்கணும்" என்று ஒருநாள் அழுது தீர்த்துவிட்டு, பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போடிக்கு மகள் வீட்டுக்குப் போனாள். போனவள் திரும்பவில்லை. ஒச்சாண்டி மட்டும் ஆடே இல்லாத கொட்டத்தைத் தினமும் கூட்டிக்கொண்டு, ஒரு வேளை பொங்கி இரண்டு வேளை சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிறார். அவருக்கு ஆடு விற்பாரும் இல்லை, அவரிடம் வாங்குவாரும் இல்லை.

மகள் வீட்டுக்கு அவர் வரக்கூடாது என்று உத்தரவு போட்டது யார் தெரியுமா? அதே மதன்குமார்தான். "கேஸுல மாட்டின ஆளு என் வாசப்படி ஏறினா, எனக்கு எவன் லோடு தருவான்?" என்றானாம். எனக்கே அவனை இழுத்து நாலு அறை விட வேண்டும் போலிருக்கிறது. கதை எழுதுகிற ஆளுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது.

போடியில் பஸ் நின்றது. இறங்கி நடந்தால் மகள் வீடு கூப்பிடு தூரம்தான். ஒச்சாண்டி இறங்கவில்லை. அந்தத் தெரு திரும்பும் முக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருசு, டீ குடிக்க எறங்கலையா?" என்றார் கண்டக்டர்.

"இல்லப்பா."

அன்று காலையில் அவரிடம் ஒருவர் பேசியது அவ்வளவுதான்.

*

அந்தத் தெருவில், மாரீஸ்வரி அவசர அவசரமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மதன்குமார் லோடு ஏற்றிக்கொண்டு போடிமெட்டு போய்விட்டான். வர சாயங்காலம் ஆகும். 'தேனியில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தது வாங்கணும்' என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தாள்.

அப்பாவின் கேஸுக்கு இதுவரை ஒரு வாய்தாவுக்கும் அவள் போனதில்லை. புருஷன் விடவில்லை என்பது ஒரு காரணம். அப்பா திருடிவிட்டார் என்று அவளே நம்பியது இன்னொரு காரணம். ஆனால் நேற்று வக்கீல் ஜெபஷீலா போன் செய்திருந்தாள். "இத்தனை தடவையில உங்க அப்பா பக்கத்துல ஒரு ஆள் வந்து நின்னு நான் பார்க்கலம்மா. நாளைக்காவது யாராச்சும் வாங்களேன்" என்று கேட்டாள். அதற்குப் பிறகு மாரீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

கொல்லையில் ஆடிக்காற்று சுழற்றி அடித்தது. கஸ்தூரியம்மாள் பேத்தியின் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, இந்தக் கொடிய மாத்தித் தொலைங்களேன். முழத்துக்கு ஒரு முடிச்சு. பிள்ள கவுனு சரிகையெல்லாம் சிக்கிக் கிழியுது."

"அவுக வண்டி சீட்டுக்கு அடியில கெடந்துச்சும்மா. துண்டு துண்டா இருந்துச்சு, முடிஞ்சு கட்டிட்டேன். சேலைக் கயிறு, சீக்கிரம் அறுகாது."

மகள் செருப்பு மாட்டும்போது கஸ்தூரியம்மாள் ஒரு டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து அவள் பையில் திணித்தாள். தயிர்சாதம்.

"யாருக்கும்மா?"

"உனக்குத்தான். வழியில பசிக்கும்ல." பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மிச்சம் இருந்தா யாருக்காச்சும் கொடு. நான் கொடுத்தேன்னு சொல்ல வேணாம்."

*

ஜெபஷீலாவின் அப்பாவுக்குத் தேனி பஜாரில் சாக்கு, கயிறு வியாபாரம். மகள் வக்கீலுக்குப் படித்தாலும் லீவு நாளில் கல்லாவில் உட்கார்ந்தவள். அந்தக் கடையில் கற்றதைத்தான் இன்று அவள் கோர்ட்டில் எடுத்துப் பேசப் போகிறாள் என்பது ஒச்சாண்டிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பார்.

மாரீஸ்வரி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முன்னால், ஒரு தூணோரம் அப்பா தனியாக நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். சட்டை பின்பக்கம் முழுக்கச் சுருக்கம். கூப்பிடலாமா என்று நினைத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டாள்.

"அய்யா," என்று ஜெபஷீலா தொடங்கினாள். "இந்த வழக்கில் என் கட்சிக்காரருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்ததே ஒரு வார்த்தைதான். 'ராஜபாண்டியோட ஆட்டைப் பிடிச்சியா'ன்னு கேட்டாங்க. 'பிடிச்சேன்'னு இவர் சொன்னார். அதை இங்கிலீஷில், ஆட்டைப் பிடித்துக் கொண்டுபோனேன் என்கிற அர்த்தத்தில் எழுதிக்கொண்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. எங்க ஊர்ல சந்தைக்குப் போய் ரெண்டு ஆடு புடிச்சேன்னு ஒருத்தர் சொன்னா, விலை கொடுத்து வாங்கினேன்னு அர்த்தம். இவர் ஆட்டு வியாபாரி. வாழ்நாள் முழுக்க இவர் ஆடு புடிச்சுத்தான் பிழைச்சிருக்கார்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "எங்க ஊர்லயும் மாடு புடிக்கிறதுன்னுதான் சொல்லுவாங்க" என்றார். கோர்ட்டில் லேசாகச் சிரிப்பு கிளம்பியது. ஒச்சாண்டி மட்டும் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையைத் தப்பாக எழுதுகிறார்கள் என்பது அவருக்கு அன்றைக்கே தெரியும். எழுதட்டும் என்றுதான் விட்டார். விலைக்கு வாங்கினேன் என்று விளக்கம் சொன்னால், அடுத்த கேள்வி யாரிடம் என்றுதானே வரும்?

அரசு வக்கீல் எழுந்தார். "வாங்கினது உண்மைன்னா அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"வாங்கினதை அவர் சொல்லாட்டியும் கயிறு சொல்லுது" என்றாள் ஜெபஷீலா. "ராஜபாண்டியோட சாட்சியத்தையே படிக்கிறேன். 'என் சம்சாரம் சிவப்புச் சேலையையும் பச்சைச் சேலையையும் கிழித்து முறுக்கிய கயிற்றில்தான் ஆறு ஆட்டையும் கட்டியிருந்தேன். மீட்டபோது மஞ்சள் நைலான் கயிறு கட்டியிருந்தது.' திருடன் கயிறு மாத்திக்கிட்டு நிக்க மாட்டான் அய்யா. வாங்குறவன்தான் மாத்துவான். இந்தப் பக்கம் ஆடு மாடு விக்கிறவங்க பழைய கயித்தோட கொடுக்கிறதில்லை. கயிறு போனா கொட்டம் காலியாயிரும்னு அவுத்து வச்சுக்குவாங்க. வாங்க வர்றவங்க எங்க கடையில புதுக் கயிறு வாங்கிட்டுத்தான் சந்தைக்கே போவாங்க. ஆக, அந்த ஆறு சேலைக் கயிறும் இன்னைக்கும் விற்றவன் வீட்டில்தான் இருக்கணும்."

கடைசி பெஞ்சில் மாரீஸ்வரிக்கு வீட்டுக் கொடி கண்ணில் வந்து நின்றது. சிவப்பும் பச்சையும். சேலைக் கயிறு. ஆறு துண்டு. அவள் கையாலேயே ஒன்றோடொன்று முடிந்து, பிள்ளை பிறந்த வாரத்தில் ஆணியில் கட்டியது. முடிச்சுகளை மனதுக்குள் எண்ணினாள். ஐந்து முடிச்சு வந்தது.

"நல்ல வாதம்" என்றார் நீதிபதி. "திருட்டு ஆடுன்னு தெரியாம வாங்கியிருந்தா அது குற்றமில்லை. ஆனா யாரிடம் வாங்கினார்? அதைச் சொன்னா கூடுதல் சாட்சியம் எடுக்க நானே உத்தரவு போடுறேன். பெரியவரே, முன்னால வாங்க. யாரிடம் வாங்கினீங்க?"

ஒச்சாண்டி முன்னால் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு திரும்பியபோதுதான் கடைசி பெஞ்சில் மகளைப் பார்த்தார். முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணமே சுருங்கிப்போனது.

"ஞாபகம் இல்லைங்கய்யா."

"ஆறு ஆடு வாங்கின வியாபாரிக்கு, விற்ற ஆள் ஞாபகம் இல்லையா?"

"வயசாகிப் போச்சுங்கய்யா."

நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "வர்ற திங்கட்கிழமை வரைக்கும் தர்றேன். அதுக்குள்ள ஞாபகம் வரட்டும். வரலைன்னா, இருக்கிறதை வச்சுத்தான் தீர்ப்பு எழுதுவேன்."

*

கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடி பெஞ்சில் ஒச்சாண்டி உட்கார்ந்திருந்தார். ஜெபஷீலா கோபமாக ஏதோ சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டாள். மாரீஸ்வரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து அவர் மடியில் வைத்தாள்.

"யாரு கட்டிக் கொடுத்தா?"

"நாந்தான்ப்பா."

அவர் உள்ளே பார்த்தார். ஓரத்தில் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய்.

"உனக்குத்தான் நார்த்தங்காய் வாசமே ஆகாதே, ஆத்தா" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். சாப்பிடும்போது கண் கலங்கியதை, ஊறுகாய் காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

"அப்பா, நீங்க ஆடு புடிச்சா, அவுத்த கயித்த வித்தவக கையிலதானே கொடுப்பீக?"

மூடியைத் திருகிய கை நின்றது.

"என்னத்துக்குக் கேக்குற?"

"பாப்பா பொறந்தப்ப வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனீக. வாசல்ல நின்னா கொல்ல வரைக்கும் தெரியும்ல, அன்னைக்கு எங்க வீட்டுக் கொடியப் பாத்தீகளா?"

அவர் எதிரே நின்ற ஜீப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லப் பழகாத மனுஷன். கோர்ட்டில் சொன்ன ஒரு பொய்க்கே மூச்சு வாங்கிவிட்டது.

"பிள்ளத் துணி காயுற கயிறு ஆத்தா" என்றார் கடைசியில். "போனதும் அவுத்து வெந்நி அடுப்புல போட்டுரு. பிள்ளைக்கு வேற கயிறு வாங்கிக் கட்டு."

"போட்டுட்டா நீங்க உள்ள போயிருவீக."

"ரெண்டு வருசம்தானே. இப்ப மட்டும் நான் என்ன ஊருக்குள்ளயா இருக்கேன்?"

மாரீஸ்வரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உங்களத் திருடன்னு நெனச்சேன்ப்பா. நானும் நெனச்சேன்."

"சரி, விடு. அழுகாத. நாலு பேரு பாக்குறாக." பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டார். "பாப்பா இப்ப என்ன பேசுது?"

"தாத்தாங்குது" என்றாள். அந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மாரீஸ்வரி சொன்னது பொய்.

திரும்பி வரும் பஸ்ஸிலும் கூட்டம்தான். ஒச்சாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டைச் சுற்றி வழக்கம்போல ஆட்கள் விலகி நின்றார்கள். மாரீஸ்வரி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அதில் உட்கார்ந்தாள். போடியில் அவள் இறங்கினாள். அந்த சீட்டு மறுபடியும் காலியானது.

*

மாரீஸ்வரி வீட்டுக்குள் நுழைந்து நேராகக் கொல்லைக்குப் போனாள். வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கொடியில் கிடந்த துணிகளை அள்ளித் தரையில் போட்டுவிட்டு, ஆணியிலிருந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். சாயம் வெளுத்திருந்தது. முடிச்சைப் பிரித்தபோது, வெயில் படாத உள்பக்கத்தில் சிவப்பும் பச்சையும் புதிதாக இருந்தன.

பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கஸ்தூரியம்மாள் வந்தாள். "என்னடி பண்ற? துணி இன்னும் காயலையே?"

மாரீஸ்வரி இரண்டாவது முடிச்சைப் பிரித்தாள்.

"உங்கப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாக. நீதான் கட்டிக் கொடுத்தேன்னு கண்டுபிடிச்சுட்டாக."

கஸ்தூரியம்மாள் வாய்க்குள் சிரித்ததை மறைத்துக்கொண்டாள். "இன்னைக்காவது வாயத் தொறந்தாரா? யாருகிட்டப் புடிச்சாராம்?"

மாரீஸ்வரி ஒரு துண்டுக் கயிற்றை அம்மாவின் கையில் கொடுத்தாள். "ராஜபாண்டி வீட்டு ஆட்டுக் கயிறும்மா இது. செவப்பும் பச்சையும். கோர்ட்டுல படிச்சாக."

"இங்கன எப்படி வந்துச்சு? கயிறு, ஆட்ட வித்தவன் வீட்டுலல்ல இருக்கும்…"

ஆட்டு வியாபாரியின் பெண்டாட்டி. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பேத்தி இறங்கி ஓடியதுகூடத் தெரியவில்லை. இந்த வீட்டுச் சோற்றை எத்தனை நாள் தின்றாள், இந்தக் கயிற்றில் எத்தனை துணி காயப்போட்டாள் என்றெல்லாம் நெஞ்சுக்குள் ஓடியது.

"பிள்ளையப் பாக்கணும்னு அந்த மனுசன் வந்து வாசல்ல நின்னாரே" என்றாள். "நான் உள்ள இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன்டி. ஒரு செம்பு தண்ணிகூடக் கொடுக்கல."

தெருவில் குட்டியானை வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாரீஸ்வரி மிச்சக் கயிற்றைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் அடுப்பு எரிந்தது. இன்னொரு பக்கம், தேனிக்குக் கொண்டுபோன பை கதவுக் கொக்கியில் தொங்கியது. அப்பா சொன்னது அடுப்பை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

கஸ்தூரியம்மாள் எழுந்து வந்து அந்தக் கயிற்றை மகள் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் சொருகிக்கொண்டாள்.

மதன்குமார் ஏலக்காய் வாசத்தோடு உள்ளே வந்தான். கொல்லைவாசலில் நின்று பார்த்தான்.

"என்ன, துணியெல்லாம் தரையில கெடக்கு? கொடிக்கயிறு எங்க?"

கஸ்தூரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை காலமும் வேறொரு ஆளிடம் மாற்றி மாற்றிக் கேட்ட கேள்வியைத் திருப்பிப் போட்டு, இன்றைக்குத்தான் சரியான ஆளைப் பார்த்துக் கேட்டாள்.

"இருக்கு மாப்பிள்ள. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அந்த ஆறு ஆட்டையும் நீங்க யாருக்கு வித்தீக?"